வெந்நீர் ஊற்றுக் கல்லில் ஒரு பெயர்

அன்புள்ள கண்ணாத்தாளுக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா? இதை நானே எழுதுகிறேன், தெரியுமா! விடுதிச் சமையல்காரர் சேலத்து ஹனீப் எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். பக்கத்து வீட்டு யாழினியைப் படித்துக் காட்டச் சொல்.

ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போட்டுத் தண்ணீர் பீறிட்டதும் அதில் நனைந்து ஆடுவது நம் ரிக் வண்டி ஆட்களின் வழக்கம். நம் மகன் அறிவழகனும் இங்கே அப்படித்தான் கையை விரித்து நின்றான். கொதிநீர் வருமென்று யார் கண்டது? அதோடு போய்விட்டான். அந்த ஊற்றால்தான் இந்த இமாசல விடுதியே உண்டானது.

நேற்று, விடுதியை உருவாக்கியவர்களின் பெயரை வாசல் கல்லில் செதுக்கினார்கள். முதலாளி, வைத்தியர், என்ஜினீயர் என்று இந்தியில் இருந்ததை ஹனீப் படித்துச் சொன்னார்.

“நம்ம பையன் பேரு இல்லீங்களா?” என்றேன்.

“வாங்க மாமா, கேட்டுப்புடலாம்” என்று முதலாளியிடம் கூட்டிப் போனார்.

முதலாளி தலை குனிந்தார். பிறகு, என்னையே அவன் பெயரைத் தமிழில் எழுதித் தரச் சொன்னார். என் கோணல் எழுத்தைக் கல்தச்சர் அப்படியே செதுக்கிவிட்டார்.

சீயக்காய்த் தூள் அனுப்பு. நான் ஓடைத் தண்ணீரில்தான் குளிக்கிறேன். குளிர் பழகிவிட்டது, கவலைப்படாதே. குளிக்க ஆட்கள் வந்துவிட்டார்கள், துண்டு கொடுக்கப் போகிறேன்.

அந்தக் கல்லில் எனக்குப் படிக்கத் தெரிந்த பெயர் அவனுடையது மட்டும்தான்.

உன்
தங்கமுத்து