நீக்கிய பதினான்கு

மார்ச் 3, செவ்வாய்

பழைய படிவக் கட்டுகளை அரைத்துப் போடப் போகிறார்களாம். கிடங்கு அறை அடுத்த மாதம் என் அறையாகிறது. துறைத் தலைவி என்றால் ஜன்னல் வேண்டுமே! அழிக்கும் முன் ஒவ்வொரு கட்டையும் பிரித்துப் பார்த்து நான் கையெழுத்துப் போட வேண்டும்.

அலுவலகத்தில் எனக்குத் ‘துடைப்பம்’ என்று பெயர். புள்ளிவிவரத்தில் குப்பை இருந்தால் விடமாட்டேன் என்பதால். எனக்குத் தெரியாது என்று நினைக்கிறார்கள். உள்ளூரப் பெருமைதான்.

மார்ச் 4

இரண்டு வருடத்துக்கு முந்தைய குழந்தை எடைக் கணக்கெடுப்பு. ஆற்றோரக் குடியிருப்பு, 412 குழந்தைகள். அதில் பதினான்கு பேரின் எடை நம்ப முடியாத அளவு குறைவு. பதினொரு மாதக் குழந்தை 4.1 கிலோ என்றால் யார் நம்புவார்? தராசு பழுது என்று முடிவு கட்டி அந்தப் பதினான்கு வரிகளையும் நீக்கியவள் நான்.

இன்று காகிதத்தைப் பார்த்தேன். பதினான்கிலும் ஓரத்தில் நர்ஸின் குண்டு எழுத்து: ‘இரண்டு முறை நிறுத்தேன். எடை சரி.’

கணினியில் அந்த ஓரத்துக்கு இடமே இல்லை. குறிப்புக் கட்டம் எதற்கு, உட்கார்ந்து கதை எழுதுவார்கள் என்று அதை எடுக்கச் சொன்னதும் நான்தான்.

கையெழுத்துப் போடவில்லை. கட்டை என் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

மார்ச் 5

அந்த நர்ஸ் அப்போது எனக்குப் போன் செய்தார். இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

பொய். மறக்கவே இல்லை. “தராச மாத்துங்க சிஸ்டர்” என்றேன். ஏதோ சொல்ல வந்தார். மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிட்டேன். மீட்டிங்கும் இல்லை.

மார்ச் 9

மறுபடி கணக்குப் போட்டேன். பதினான்கைத் தள்ளினால் 398-ல் 9 குழந்தைகளுக்குக் கடும் எடைக்குறைவு. நூற்றுக்கு இரண்டு சொச்சம். சேர்த்தால் 412-ல் 23; ஐந்தரை. ஐந்தைத் தாண்டினால் அங்கே குழந்தைகளின் ஊட்டச்சத்து மையம் தொடரும் என்பது ஏற்பாடு. என் அறிக்கையைக் காட்டித்தான் மூடினார்கள். அதில் ‘பணியாளர் கவனக்குறைவு’ என்று ஒரு வரி வேறு எழுதியிருக்கிறேன்.

வீட்டில் இவரிடம் சொன்னேன்.

“விதிப்படிதானே நீக்கின?”

“விதிப்படிதான். நீக்கறதுக்கு முன்னாடி எடுத்தவங்களக் கேளுன்னும் அதே விதியில இருக்கு.”

இவர் டிவியை அணைத்தார்.

மார்ச் 12

டைரக்டரிடம் போனேன். “சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுக்காதீங்க மேடம். ரெண்டு வருஷம் ஓடிப்போச்சு. உங்க பதவி உத்தரவு என் மேசையிலதான் இருக்கு.”

“சரி சார்” என்றேன். வெளியே வந்ததும் மனசு லேசாக இருந்தது. சீ! நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

மார்ச் 16

உதவியாளர் என் அலமாரிச் சாவி கேட்டு வந்தார். “அந்தக் கட்டுல ஒண்ணுமில்ல” என்றேன், அவர் கேட்காமலே. எங்கப்பன் குதிருக்குள் இல்லை.

மார்ச் 20

போய்விட்டு வந்தேன்.

நர்ஸ் இப்போது ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறார். என் அறிக்கைக்குப் பிறகு களப்பணியிலிருந்து எடுத்துவிட்டார்களாம். நான் யார் என்று சொன்னேன். முகம் மாறவில்லை.

“நான் ஓரத்துல எழுதினதப் படிச்சீங்களா மேடம்?”

“இப்பதான் படிச்சேன்.”

“இப்பதானா...”

மேசைக்கு அடியிலிருந்து தராசை இழுத்தார். அதே தராசு. ஒரு கிலோ எடைக்கல்லை வைத்தார். முள் ஒன்றில் போய் நின்றது, இம்மி பிசகாமல். “தினமும் காலைல இப்படிப் பாத்துட்டுத்தான் எடுத்துட்டுப் போவேன்.”

அந்தப் பதினான்கு பேரும் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவராகவே சொன்னார்.

“பன்னெண்டு பேர் தேறிட்டாங்க. ஒருத்தங்க எங்கயோ குடிபோயிட்டாங்க. எட்டாம் நம்பர் இல்ல, மேடம்.”

எட்டாம் நம்பர்தான் 4.1.

பஸ்ஸில் அழுதேன். எனக்கு அழ என்ன யோக்கியதை?

ஏப்ரல் 2

கடிதம் போய்விட்டது. என் அறிக்கையை வெளியிட்ட ஆய்வு இதழுக்கு, சுகாதாரத் துறைக்கு, டைரக்டருக்கு. தவறு தராசுடையதல்ல, நர்ஸுடையதல்ல, என்னுடையது. அந்தக் கடைசி வார்த்தையை மூன்று முறை அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன்.

ஏப்ரல் 17

ஜன்னல் அறை வேறொருவருக்கு.

ஜூன் 18, வியாழன்

ஆற்றோரத்தில் மறு கணக்கெடுப்பு, முதல் நாள். நர்ஸை மறுபடி களத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். அவர் நிறுக்க, நான் எழுதினேன். படிவத்தில் குறிப்புக் கட்டம் இருக்கிறது, பெரிதாகவே.

பதினொரு மணி வாக்கில் ஒரு பெண் ஐந்து மாதக் குழந்தையோடு வந்தாள். “எட்டாம் நம்பரோட அம்மா” என்றார் நர்ஸ், என் காதோடு.

6.2 கிலோ.

“நல்லாப் பாத்துச் சொல்லுங்க” என்றாள் அவள். குழந்தையை நானே வாங்கி மறுபடி தராசில் கிடத்தினேன். 6.2. குறிப்புக் கட்டத்தில் எழுதினேன்: ‘இரண்டு முறை நிறுத்தோம். நானும் பார்த்தேன்.’

அவள் குழந்தையை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

“நீங்க புதுசா? இதுக்கு முன்னாடி பாத்ததில்லையே.”

நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டு தராசைத் துடைத்தார்.

“இல்லம்மா” என்றேன். “பழைய ஆளுதான்.”