மூன்று முறை அலசிய கேன்கள்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். மச்சானின் மீன்கள் நலமா? அவற்றை முதலில் விசாரிக்காவிட்டால் மச்சான் கோபித்துக்கொள்வார், அதனால்தான் உன்னை இரண்டாவதாகக் கேட்கிறேன்.

என்னைப் பீட்ரூட் வயலுக்குக் களைக்கொல்லி அடிக்கும் வேலையில் போட்டுவிட்டார்கள். போன வாரம் தெளிப்பான் குழலின் முனை அடைத்துக்கொண்டது. வாயால் ஊதி எடுத்தேன், நாள் முழுக்க உதடு எரிந்தது. மேஸ்திரி சிரிக்கிறார்: "இது புல்லைக் கொல்ற மருந்துடா, உன்னை ஒண்ணும் பண்ணாது." கேனில் ஒட்டியிருந்த சீட்டைப் பிய்த்து இதோடு வைத்திருக்கிறேன். இந்த ஊர் மொழியும் அந்தப் பொடி எழுத்தும் எனக்கு ஏறாது. நீதான் படித்துச் சொல்ல வேண்டும்.

எங்கள் கொட்டகைக்குப் பின்னால் ஓடும் கால்வாய்தான் உங்கள் குளத்துக்கு வருகிறதாம். இனி காகிதக் கப்பலில் எழுதி விடுகிறேன், தபால் தலை மிச்சம்.

உன் தம்பி

மார்ச் 11

அன்புள்ள தம்பிக்கு,

வாயால் ஊதினாயா? பேனா மையை உறிஞ்சிவிட்டு நீல நாக்கோடு நின்றவன்தானே நீ. போனில் சொன்னால் "சரிக்கா, சரிக்கா" என்பாய், ஒன்றும் காதில் ஏறாது. அதனால் சீட்டில் இருப்பதை எழுதியே அனுப்புகிறேன், கொட்டகைச் சுவரில் ஒட்டிவை.

இது கார்பமேட் வகை மருந்து. ரப்பர் கையுறை இல்லாமல் கேனைத் தொடாதே. காற்று பலமாக இருந்தால் அடிக்காதே. முனை அடைத்தால் கழற்றித் தண்ணீரில் கழுவு, வாயைக் கொண்டுபோகாதே. கண்ணில் தெறித்தால் கால் மணி நேரம் விடாமல் கழுவு. கை கழுவாமல் சோற்றில் கை வைக்காதே. வேலைச் சட்டையை மற்றத் துணிகளோடு ஊறப்போடாதே. காலியான கேனை மூன்று முறை அலசி, ஓட்டை போட்டுவிடு.

அவ்வளவுதான். மச்சான் வலை இழுக்கக் கூப்பிடுகிறார். ஆலை வேலை போனபின் இரண்டு வருடம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த மனிதர், இந்தக் குளம் வந்த பிறகுதான் வாய் திறந்து பேசுகிறார். கூப்பிட்ட குரலுக்குப் போகாவிட்டால் எனக்கே மனசு கேட்காது.

உன் அக்கா

மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எழுதிய தாள் சுவரில் இருக்கிறது. என் பெயரே இப்போது "கையுறை"தான். கேலி செய்துவிட்டுப் போகட்டும், உதடு எரியவில்லை.

மருந்தடிக்கும் வேலை முந்தாநாளோடு முடிந்தது. அறுபது காலிக் கேன்கள் குவிந்து கிடந்தன. மற்றவர்கள் அப்படியே குழியில் தள்ளப் பார்த்தார்கள், நான் விடவில்லை. நேற்று, செவ்வாய்க்கிழமை முழுக்க, ஒற்றை ஆளாக உட்கார்ந்து ஒவ்வொன்றையும் மூன்று முறை அலசினேன். இடுப்பு விட்டுப்போனது. வாழ்க்கையில் ஒரு தடவையாவது உன் பேச்சைக் கேட்டேன் என்று குறித்துவைத்துக்கொள்.

அடுத்த மாதம் லீவு. பத்து நாள் அங்கேதான்.

உன் தம்பி

மே 27

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. நல்ல செய்தி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை.

போன புதன்கிழமை காலையில் மீன்களெல்லாம் செத்து மிதந்தன. ஒன்றுகூட மிஞ்சவில்லை. செவ்வாய் சாயங்காலம் மச்சான் குளத்துத் தண்ணீர் சுத்தமாகச் சுண்ணாம்பு போட்டார். அளவு கூடிவிட்டது என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டார். "என் கைதான் கொன்னுச்சு" என்று ஒரு தடவை சொன்னார், அதன்பிறகு பேச்சில்லை. மறுபடியும் அந்தச் சுவருக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார். தட்டை வைத்தால் வைத்தபடி இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது தம்பி. சீக்கிரம் வா, நீ வந்தால் பேசுவார்.

உன் அக்கா

ஜூன் 6

அக்கா,

நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

சுண்ணாம்பு இல்லை அக்கா, நான்தான். அறுபது கேன் அலசிய தண்ணீரையும் பின்னாலிருந்த கால்வாயில்தான் ஊற்றினேன். முதல் தண்ணீர் பால் மாதிரி போனது. மூன்றாவது தெளிவாக வந்ததும், வேலை சுத்தமாக முடிந்தது என்று சந்தோஷப்பட்டேன். கால்வாய் எங்கே போகிறது என்று உனக்கு எழுதியவனே நான்தான். கப்பல் விடுவதாக வேறு சொன்னேனே.

மச்சானிடம் உடனே சொல்லிவிடு. அவர் கைமேல் குற்றம் இல்லை. என்னை என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அலசிய தண்ணீரை எங்கே ஊற்றுவது என்று அந்தச் சீட்டில் எதுவும் இருந்ததா?

தம்பி

ஜூன் 15

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை மச்சானுக்குப் படித்துக் காட்டினேன், கடைசிக் கேள்வியை மட்டும் விட்டுவிட்டு. சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினார். "உன் தம்பி இனி இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது" என்றார். பிறகு எழுந்து, தட்டைப் போடச் சொல்லிச் சாப்பிட்டார். மூன்று வாரத்துக்குப் பிறகு பேசினார், அந்தக் கோபத்தில்தான் பேசினார்.

இரவெல்லாம் யோசித்துவிட்டு, காலையில் சீட்டைத் தேடி எடுத்தேன். பின்பக்கமும் எழுத்து இருக்கிறது. முதல் வரியே அதுதான்: அலசிய தண்ணீரைத் தெளிப்பானிலேயே ஊற்றி வயலுக்கே அடிக்கவும், கால்வாயில் விடக் கூடாது, மீன்களுக்குக் கொடிய நஞ்சு. அன்று அவர் வலை இழுக்கக் கூப்பிட்டதும் நான் திருப்பிப் பார்க்காமலே "அவ்வளவுதான்" என்று எழுதிவிட்டேன்.

இதை அவரிடம் நான் சொல்லவில்லை. சொல்லப்போவதும் இல்லை. என்மேலும் கோபம் வந்துவிட்டால், தட்டு வைக்க அவருக்கு யாரும் இருக்க மாட்டார்கள். என் பங்கையும் சேர்த்து நீதான் சுமக்க வேண்டும். இது நியாயமில்லை என்று எனக்குத் தெரியும்.

லீவுக்கு இங்கே வராதே. எழுதவும் வேண்டாம், கடிதங்களை இப்போது அவர்தான் வாங்குகிறார். இதைப் படித்ததும் கிழித்துவிடு.

கையுறையை மட்டும் கழற்றிவிடாதே.

அக்கா