பாதி மைதானம் என்னுடையது

மார்ச் 3, திங்கள்

பள்ளிக்கூட மைதானத்தில் பிளாஸ்டிக் புல் விரிக்கும் வேலை இன்று ஆரம்பம். இதுவரை நான் விரித்த புல்லை எல்லாம் ஒட்டிப் போட்டால் நிலாவுக்கு நடந்தே போய் வரலாம். இது முதலாளிக்குத் தெரியுமா? நேற்றுவரை சிமெண்ட் மூட்டை விற்ற மனுஷன். மைதானத்தை நடுக்கோட்டில் இரண்டாகப் பிரித்து, இடது பாதி எனக்கு, வலது பாதி என் பெண்டாட்டியின் தம்பிக்கு என்று கொடுத்துவிட்டார்.

"யாரு பாதி நல்லா வருதோ, அவருதான் ஸ்டேடியம் வேலைக்கு மேஸ்திரி" என்றார்.

ஸ்டேடியம்! நாற்பது ஆள், ஆறு மாத வேலை. அதற்கு எனக்கும் அவனுக்கும் போட்டியாம். கேட்டதும் எனக்கு வந்த சிரிப்பில் கையிலிருந்த டீ சிந்திவிட்டது.

மச்சினனோடு நான் பேசி இரண்டு வருஷம் ஆகிறது. ஒரு கல்யாண வீட்டில், நான் போட்ட மைதானத்தில் ஹெலிகாப்டர் இறங்கிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். "மாமா, அது கோழிப்பண்ணை வாசல்" என்றான். இருபது பேர் சிரித்தார்கள். ஏன், கோழிப்பண்ணை வாசலில் ஹெலிகாப்டர் இறங்கக் கூடாதென்று சட்டமா?

மார்ச் 4, செவ்வாய்

புல் சுருள்கள் வந்து இறங்கின. ஒன்றைத் தூக்கப் பத்து ஆள் வேண்டும். நான் கை வைத்தால் ஆறு போதும்.

என்னுடையதை மதில் ஓரம் இறக்கச் சொன்னேன், அங்கே நிழல். அவன் எதிர்ப்பக்கம், பள்ளிக் கட்டடத்தின் ஓரமாக, மொட்டை வெயிலில் இறக்கிக்கொண்டான். மண்டை காயட்டும்.

மார்ச் 6, வியாழன்

நான் மதிலிலிருந்து கட்டடத்தை நோக்கி உருட்டுகிறேன். அவன் கட்டடத்திலிருந்து மதிலை நோக்கி உருட்டுகிறான். நடுக்கோட்டில் எதிரெதிரே கடக்கும்போது நான் வானத்தைப் பார்ப்பேன், அவன் பூமியைப் பார்ப்பான். ஒவ்வொரு சுருளுக்கும் நூல்கயிறு கட்டி அளக்கிறான். எனக்குக் கண்ணே கயிறு.

விளையாட்டு வாத்தியார் வந்து நின்றார். "என்னண்ணே, ஆளுக்கொரு பக்கமா உருட்டுறீங்க?"

"சார், நீங்க விசில் ஊதுங்க. புல்லை நாங்க பாத்துக்கறோம்" என்றேன். போய்விட்டார். கேள்வி கேட்கவே சம்பளம் வாங்குகிறவர்கள்.

மார்ச் 8, சனி

என் பாதி முடிந்தது! ஒட்டி, மணல் கொட்டி, ரப்பர் குருணை தூவி, பிரஷ் போட்டாயிற்று. அவன் இன்னும் மணலைத் தொடவில்லை. பசை காய இரண்டு நாள் விட வேண்டுமாம். பசையா, அடைகாக்கிற முட்டையா?

மார்ச் 9, ஞாயிறு

ஸ்டேடியத்துக்குப் போட ஒரு புதுச் சட்டை எடுத்தேன்.

மார்ச் 10, திங்கள்

காலையில் தலைமையாசிரியம்மா மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து கூப்பிட்டார். முதலாளி, நான், மச்சினன், மூவரும் ஏறினோம்.

"இது மைதானமா, ரெண்டு கலர் பாயா?" என்றார் அந்த அம்மா.

பார்த்தேன். நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம் கரும்பச்சை. இந்தப் பக்கம், என் பக்கம், வெளிறிப் போன பச்சை.

பிளாஸ்டிக் புல்லுக்கு ஒரு சாய்வு உண்டு. சுருளை எந்தப் பக்கமிருந்து உருட்ட ஆரம்பிக்கிறோமோ, அந்தப் பக்கம் சாயும். மைதானம் முழுக்க ஒரே பக்கம் சாய்ந்தால் ஒரே நிறம். எதிரெதிரே சாய்ந்தால் இரண்டு நிறம். பக்கத்தில் நின்றால் தெரியாது, உயரத்திலிருந்து பார்த்தால் பல்லை இளிக்கும். தொழிலில் எல்லோரும் கட்டடத்தைப் பார்த்துத்தான் சாய்ப்பார்கள். எனக்குத் தெரியாதா? நூறு பேருக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். நிழல்... அந்தப் பாழாய்ப்போன நிழல்!

"யாருது தப்பு?" என்றார் முதலாளி.

நான் மச்சினனைப் பார்த்தேன். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக நேருக்கு நேர். சொல்லேன்டா. கோழிப்பண்ணைக்கு வாயைத் திறந்தவன்தானே, இப்போது திறக்க என்ன?

அவன் கீழே மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். என் பாதியில் மணல் விழுந்துவிட்டது, இனி எடுக்க முடியாது. அவன் பாதியைப் பெயர்க்கலாம்.

"என் பக்கத்தைத் திருப்பிடறேன் முதலாளி" என்றான்.

சிமெண்ட் மூட்டை முதலாளிக்கு அது போதும். "அப்பவே நெனச்சேன், ஆமை மாதிரி வேலை, அதுலயும் தப்பு" என்று அவனைப் பிடித்துக் கிழித்தார். அவன் நின்றான். நானும் நின்றேன்.

கோழை! தன் வேலை சரி என்று சொல்லத் தெரியாதவன் எல்லாம் ஒரு மேஸ்திரியா?

நானும்தான் ஒன்றும் சொல்லவில்லை. என்னை யாரும் கேட்கவில்லையே.

மார்ச் 11, செவ்வாய்

பெண்டாட்டிக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. "எந்தப் பக்கம் சாய்க்கறேன்னு அவன்கிட்ட ஒரு வார்த்த கேட்டா, வாயில இருந்து முத்தா உதிர்ந்துடும்?" என்றாள்.

"உன் தம்பி என்கிட்ட கேட்டானா?"

"அவன் சரியாத்தானே போட்டான், ஏன் கேக்கணும்?"

சோற்றில் உப்பே இல்லை. இவள் மறக்கிற ஆள் இல்லை.

மார்ச் 12, புதன்

அவன் முட்டி போட்டு, ஒட்டிய இடத்தையெல்லாம் அறுத்து, ஒவ்வொரு சுருளாகத் திருப்புகிறான். நான் நிழலில் உட்கார்ந்து பார்த்தேன். சரியாக இருந்ததைத் தப்பாக்க ஒருவன் இவ்வளவு சுத்தமாக வேலை செய்து நான் பார்த்ததில்லை. ஒரு சுருள் சிக்கி ஆட்கள் திணறினார்கள். அவர்களுக்குத் தூக்கத் தெரியவில்லை என்பதால் போய் ஒரு கை கொடுத்தேன். வேறு எதற்கும் இல்லை.

"மெதுவா மாமா" என்றான். அவ்வளவுதான் பேச்சு.

மார்ச் 14, வெள்ளி

முடிந்தது. மூன்றாவது மாடியிலிருந்து ஒரே பச்சை. மைதானம் முழுக்க மதிலைப் பார்த்துச் சாய்ந்திருப்பது அந்தப் பள்ளியில் ஒருவருக்கும் தெரியாது. படித்தவர்கள்!

முதலாளி என் தோளைத் தட்டினார். "ஸ்டேடியம் உங்களுக்குத்தான்ணே. உங்களப் பாத்து அந்தாளு கத்துக்கட்டும்."

மச்சினன் பக்கத்தில் நின்று கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

மார்ச் 15, சனி

முதலாளிக்குப் போன் போட்டேன். முட்டி வலி, ஆறு மாத வேலை என்னால் ஆகாது, மச்சினனையே அனுப்புங்கள் என்றேன்.

"என்னண்ணே, திடீர்னு?"

"வயசாகுதில்ல" என்றேன்.

வயசாம்! எனக்கு! இந்த முட்டியால் கல்லை உடைக்கலாம். ஒரு பொய் சொல்வது என்றால் இந்த முதலாளியிடம்தான் சொல்ல வேண்டும், எதைக் கொடுத்தாலும் விழுங்கிவிடுகிறார்.

மார்ச் 16, ஞாயிறு

மச்சினன் வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு தைல பாட்டில். "நாளைக்குக் கெளம்பறேன் மாமா. ராத்திரி சூடு பண்ணித் தேய்ங்க, ரெண்டு முட்டிக்கும்" என்றான். முட்டாள், இவனும் நம்பிவிட்டான்.

தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நாற்றம் தாங்கவில்லை.