எலிக்கு மட்டும் ஆறுகிற தழும்பு

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். மூச்சு எப்படி இருக்கிறது? "பரவாயில்லை" என்று எழுதினால் எனக்குக் கோபம் வரும். மாடிப்படியில் எத்தனை தடவை நிற்கிறீர்கள் என்று எழுதுங்கள். அம்மா நலமா? நான் நலம்.

விடுமுறை முழுக்கச் சித்தியின் ஆய்வுக்கூடத்தில் கூண்டு கழுவுகிறேன். சுண்டெலிகளின் நுரையீரலில் ஒரு ரசாயனத்தை விட்டு, உங்களுக்கு இருப்பது போன்ற தழும்பை உண்டாக்கி, புது மருந்து கொடுத்துப் பார்க்கிறார்கள். நேற்று மருந்து குடித்த எலிகள் துள்ளி ஓடின.

"சித்தி, அப்பாவுக்கு இதை உடனே அனுப்பலாம்!"

"முந்திரிக்கொட்டை! பக்கத்துக் கூண்டைப் பாருடி."

அங்கே அதே தழும்போடு, மருந்தில்லாமல் வெறும் தண்ணீர் குடித்த எலிகளும் அப்படியே ஓடிக்கொண்டிருந்தன!

"சின்ன வயசு எலிக்கு நாளானா தானாவே ஆறிடும். இப்ப ஜெயிச்சது மருந்தா எலியான்னு எப்படிச் சொல்றது? மறுபடியும் முதல்லேர்ந்துதான்."

எரிச்சலாக வந்தது. உள்ளங்கையில் அடங்கும் பிராணிக்கு ஆறுகிறது, ஆறடி அப்பாவுக்கு ஏன் ஆறவில்லை என்று கேட்டேன்.

"அது தெரிஞ்சா நான் ஏன் இங்க உக்காந்திருக்கேன்?" என்று சித்தியும் சிடுசிடுத்தார்.

என் கம்பளிச் சட்டையை அம்மாவை அனுப்பச் சொல்லுங்கள். கூண்டு கழுவும்போது போட்டுக்கொள்ள உங்கள் பழைய சட்டை ஒன்றும் வேண்டும். துவைக்காததே போதும்.

மருந்து வர நாளாகும் அப்பா. அதுவரை மூச்சுப் பயிற்சியை ஏமாற்றாமல் செய்யுங்கள். சித்தி கூப்பிடுகிறார், புது எலிகள் வந்துவிட்டன. இந்தத் தடவை வயதான எலிகள். அவற்றுக்குச் சீக்கிரம் ஆறாதாம், உங்களைப் போலவே.

அவசரத்தில்,
உங்கள் மகள்