அட்டையில் இருந்த ஐந்து தலைமுறை

திங்கள்
காலையிலிருந்தே தூறல். பனை ஓலை காயவில்லை. ஆசிரமத்துப் பக்கம் கடை வைத்திருக்கும் பிரியா மேடத்துக்கு வெள்ளிக்குள் இருபது கூடை. கூடச் சேர்ந்து பின்னும் செல்வியும் நானும் முடித்தது ஒன்பது.

கூடையில் கட்டப்போகும் அட்டையை மேடம் போனில் அனுப்பினார். என் படம். கீழே, "நூர்ஜஹான். ஐந்து தலைமுறையாகக் கூடை பின்னும் குடும்பம்."

அத்தா வாட்ச் ரிப்பேர் செய்தவர். நான் கற்றது மூன்று வருடம் முன்பு, பயிற்சி வகுப்பில்.

செவ்வாய்
வாங்க வேண்டியது: பச்சைச் சாயம், ஊசி, கொத்தமல்லி.

ஏன் இப்படிப் போட்டீர்கள் என்று மேடத்திடம் கேட்டேன். "கதை இருந்தாதான் வாங்குவாங்க நூர்ஜஹான். வருஷம் பூரா உங்களுக்கு வேலை வேணும்ல?" நியாயம்தான். பொய்யும்தான்.

செல்வியிடம் அட்டையைக் காட்டினேன். டீயை அப்படியே வைத்துவிட்டு அடி அண்ணாமலையில் இருக்கும் தன் வீட்டுக்குப் போய்விட்டாள். என்ன கோபம்?

புதன்
பௌர்ணமி. தெருவெல்லாம் கிரிவலக் கூட்டம். செல்வி வரவில்லை, போனும் எடுக்கவில்லை. தனியாக இரண்டு கூடை. விளிம்பு கோணல். பயிற்சியில் டீச்சர் காட்டியது புரியாமல், கூடப் படித்த செல்வியிடம்தான் விளிம்பு கட்டக் கற்றேன். அவளுக்கு மட்டும் முதல் நாளே எப்படி வந்தது?

வியாழன்
செல்வி வந்தாள். உட்காரும் முன்பே சொன்னாள்.

"அக்கா, அந்த அட்டையில இருக்கறது எங்க குடும்பம். எங்கம்மா, அவங்கம்மா எல்லாரும் மூங்கில் கூடை, முறம் பின்னி தெருத்தெருவா வித்தவங்க."

"கிளாஸ்ல புதுசுன்னியே."

"முறம் வாங்குவாங்க. தண்ணி கேட்டா சொம்ப கையில தரமாட்டாங்க, தூக்கி ஊத்துவாங்க. இப்பதான் ஆர்ட்டிஸ்ட்னு கூப்பிடறாங்க."

"அப்ப உன் பேரையே போடலாமே."

"வேணாங்கக்கா. என் பொண்ணு காலேஜ்ல இத யார்கிட்டயும் சொன்னதில்ல. உங்க பேர்லயே இருக்கட்டும்."

நான் சொன்னால் பெருமையாம். அவள் சொன்னால்? ஒன்றும் புரியவில்லை. சோறு குழைந்துவிட்டது.

வெள்ளி
வெயில். இருபதும் முடிந்தது. இருவரும் கடைக்கு. அந்த அட்டை வேண்டாம் என்றேன். செல்வி என்னிடம் சொன்னதை நான் சொல்லவில்லை.

"அப்ப என்ன போடறது?"

"கத்துக்கிட்டு மூணு வருஷம் ஆச்சுனு போடுங்க மேடம்."

"யார்கிட்டனு கேப்பாங்களே."

கூடைகளை அடுக்கிக்கொண்டிருந்த செல்வி திரும்பாமலே, "என்கிட்டதான்" என்றாள்.

"நீங்க யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?"

இன்னொரு கூடையை எடுத்து அடுக்கினாள். "எங்கம்மாகிட்ட."

மேடம் எழுதிக்கொண்டார். பெயர் கேட்டார். செல்வி தன் பெயரோடு அம்மா பெயரையும் சொன்னாள்.

ஏன் மனம் மாறினாள்? கேட்கத் தோன்றவில்லை. ஷேர் ஆட்டோவில் அவள் மகள் போன் செய்தாள். "கூடை குடுத்துட்டேன்மா" என்றாள் செல்வி. அட்டையைப் பற்றிச் சொல்லவில்லை.