எந்தச் சாரி, சரோஜா?

என் தங்கச்சி சரோஜாவுக்கு,

பதினோரு வருஷம் உன்னோடு பேசாமல் இருந்த அக்கா எழுதுகிறேன். இருந்தபோது பேசாதவள் போன பிறகு கடுதாசி போடுகிறாளே என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். நீ என்னைப் பத்துப் பேர் முன்னால் வைத்துத்தான் பேசினாய். அதனால் நானும் நாலு பேர் படிக்கிற இடத்திலேயே எழுதுகிறேன்.

எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள். நீ பத்தாவது வரைக்கும் போனாய். நான் மூன்றாவதோடு நின்று அம்மாவின் தறிக்கு நூல் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதையும் நான் மறக்கவில்லை.

முதலில் ஊர் சேதி. நீ முப்பது வருஷம் நின்று புடவை விரித்துக் காட்டிய பட்டுக்கடையில், இப்போது உன் இடத்தில் ஒரு சின்னப் பெண் நிற்கிறாள். வெளியூர்க்காரர்கள் வந்தால் "சாரி பாக்குறீங்களா மேடம்?" என்று உன்னைப் போலவே கூப்பிடுகிறாள். ஊரே புடவை என்று சொல்லும்போது நீ மட்டும் வீட்டில்கூட சாரி என்றுதான் சொல்வாய். "பெரிய தொரசாணி" என்று அம்மா கிண்டல் செய்வாள்.

அம்மாவின் புடவையிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது. எத்தனையோ கல்யாணப் பெண்களுக்கு நெய்து கொடுத்தவள், தனக்கென்று வைத்திருந்த பட்டு ஒன்றே ஒன்று. அரக்கு நிறம், பச்சைக் கரை. அவள் போன பிறகு அதை என் வீட்டுக்கு எடுத்து வந்தேன். கருமாதி அன்றைக்கு, சாப்பாட்டுப் பந்தியில், உன் சம்பந்தி வீட்டார் இலை முன்னால் உட்கார்ந்திருக்கும்போது நீ கேட்டாய்.

"அம்மா பொட்டியில இருந்த சாரி எங்க?"

"எங்கிட்டதான் இருக்குது. நீயே வெச்சிக்கோன்னு அம்மா சொன்னாங்க."

"சொன்னத யாரு கேட்டாங்க? அவங்க கண்ண மூடறதுக்குள்ள பொட்டியத் தெறந்தவதானே நீ? திருடி."

நம் அண்ணி அப்போது ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். கரண்டியை இலைக்கு மேலே பிடித்தபடியே சிரித்தாள். இன்றைக்கும் கோயிலில் என்னைப் பார்த்தால் அவள் சிரிக்கிறாள். நான் சிரிப்பதில்லை. அன்றைக்குப் பாதிச் சாப்பாட்டில் எழுந்தவள்தான் நான். அதன் பிறகு உன் வீட்டுப் படியை மிதிக்கவில்லை.

போன தை மாசம் உன் மகள் கவிதா தாமலிலிருந்து போன் செய்தாள். "பெரியம்மா, ஆஸ்பத்திரியில சேத்துக்கீறோம். அம்மா உன்னையே கேட்டுக்கினு இருக்குது. ஒரே ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போயேன்." வந்தேன். வந்ததைப் பெரிசாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. உன் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றேனே தவிர உன்னைப் பார்க்கவில்லை. அடுத்த கட்டில்காரி சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தாள். தோலை ஒரே சுருளாக உரித்தாள். அவள் கையில் இரண்டு ரப்பர் வளையல், ஒன்று பச்சை, ஒன்று கறுப்பு. இதெல்லாம் எனக்கு இன்றைக்கும் துல்லியமாக ஞாபகம் இருக்கிறது.

அப்போது நீ என் முந்தானையைப் பிடித்தாய். மூச்சு வாங்கிக்கொண்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னாய்.

"சாரி."

எனக்கு உச்சி வரைக்கும் சுர்ரென்று ஏறியது. சாகக் கிடக்கிறவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அந்தப் புடவையைக் கேட்கிறாளே என்று நினைத்தேன். "இன்னும் அந்த நெனப்புதானா உனக்கு?" என்று கேட்டுவிட்டு, உன் விரல்களிலிருந்து முந்தானையை உருவிக்கொண்டு வந்துவிட்டேன். விரலில் பலம் இல்லை. சுலபமாக வந்தது.

மூன்றாம் நாள் நீ போய்விட்டாய்.

எடுத்து முடித்த பிறகு, எல்லாரும் குளித்துவிட்டு ஈரத்தலையோடு உட்கார்ந்திருந்தோம். கவிதா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நீ வந்துட்டுப் போனப்புறம் அம்மா யார்கிட்டயும் வாயே தெறக்கல பெரியம்மா. உங்கிட்டதான் கடைசியாப் பேசுனாங்க. என்னா சொன்னாங்க?"

நான் சொன்னேன், "புடவையக் கேட்டா."

அந்தப் பெண்ணின் முகம் சுருங்கியதை நீ பார்த்திருக்க வேண்டும். "கடைசிலயும் அதத்தானா கேட்டாங்க?" என்றாள். பிறகு எழுந்து போய்விட்டாள். அதற்குப் பிறகு உன்னைப் பற்றி யாராவது பேசினால் அவள் வேறு பேச்சுக்குப் போய்விடுகிறாள் என்று கேள்விப்பட்டேன். பெற்றவளை நினைத்து அழ வேண்டிய பெண், வெட்கப்பட்டுக்கொண்டு இருக்கிறாள். அதைச் செய்தது நான்.

போன வாரம் வரைக்கும் அது எனக்குத் தப்பாகவே தெரியவில்லை, சரோஜா.

போன வாரம் என் பேத்தி தர்ஷினி ஸ்கூல் விட்டு வந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். மூன்றாவது படிக்கிறாள், நான் நின்ற வகுப்பு. நான் பக்கத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தேன். ஒரே மாதிரி சத்தம் வருகிற இங்கிலீஷ் வார்த்தைகளாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் தமிழில் அர்த்தமும் எழுத வேண்டுமாம்.

"ஆயா, கேட், ரேட், பேட். பூனை, எலி, மட்டை."

"கேட்டுன்னா வாசக் கதவுடி."

"ஐய, அது வேற கேட்டு ஆயா. இது பூனை."

"பூனைக்கும் கேட்டு, கதவுக்கும் கேட்டா? வெள்ளக்காரனுக்கு வார்த்த பத்தலையா?"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "சரி, சில்க்குக்கு சொல்லு பாக்கலாம்" என்றாள். காஞ்சிபுரத்தில் பிறந்துவிட்டு அதுகூடச் சொல்ல மாட்டேனா? "மில்க்கு. பட்டு, பாலு" என்றேன். நோட்டில் எனக்கும் ஒரு ஸ்டார் போட்டாள்.

"இப்ப லாரி. லாரிக்கு நானே சொல்றேன். சாரி."

"லாரிக்கும் பொடவைக்கும் என்னாடி சம்பந்தம்?"

"பொடவை இல்ல ஆயா! தப்பு பண்ணிட்டா சொல்லுவோமே, மன்னிச்சிக்கோன்னு, அந்த சாரி. அதுதான் லாரியோட சேரும். பொடவை சாரி சேராது. மிஸ்ஸு சொன்னாங்க. இதோ பாரு, மன்னிப்பு சாரிக்கு வாய் இப்பிடி உருண்டையா வரணும். பொடவை சாரிக்கு ஆன்னு தெறக்கணும். வாயப் பாத்தாலே தெரிஞ்சிடும்."

என் முகத்துக்கு நேரே வந்து இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிக் காட்டினாள். சின்ன வாய், முன்பல் இரண்டு விழுந்த வாய். உருண்டை. ஆ. உருண்டை. ஆ.

"ஏன் ஆயா அப்பிடியே பாத்துக்கினு கீற?"

உரித்த மொச்சையைத் தோல் கூடையிலும், தோலை மொச்சைக் கிண்ணத்திலும் போட்டுக்கொண்டிருந்தேன்.

மன்னிப்புக்கு சாரி என்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். பஸ்ஸில் காலை மிதித்தவன்கூடச் சொல்கிறான். ஆனால் நீ சொன்னபோது அது என் காதுக்கு வரவில்லை. உன் வாயிலிருந்து வந்தால் அது புடவைதான் என்று பதினோரு வருஷமாக முடிவு செய்து வைத்திருந்தேன்.

உன் வாய் உருண்டையாக இருந்ததா, திறந்திருந்ததா? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். எனக்குச் சாத்துக்குடித் தோல் ஞாபகம் வருகிறது. யாரோ ஒருத்தியின் ரப்பர் வளையல் ஞாபகம் வருகிறது. உன் வாய் வரவில்லை. நான் பார்க்கவில்லையே. எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருக்கிறவள் என்று ஊரில் எனக்குப் பேர். வேண்டிய ஒன்றை மட்டும் நான் பார்க்காமல் நின்றிருக்கிறேன். எந்தச் சாரி, சரோஜா? யாரைப் போய்க் கேட்பேன்?

இன்னொன்றும் உன்னிடம் சொல்ல வேண்டும். இதை யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவின் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், அவள் அந்தப் புடவையை என் மடியில் வைத்துச் சொன்னது "வெச்சிக்கோ" இல்லை. "வெச்சிரும்மா, பெரியவளே" என்றாள். வெச்சிக்கோ என்றால் எனக்கே சொந்தம். வெச்சிரு என்றால் பத்திரமாக வைத்திரு. அது யாருக்காகப் பத்திரம் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் உன் பேர் வந்துவிடுமோ என்று பயந்தேன். பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் "வெச்சிக்கோன்னு சொன்னாங்க" என்றேன். சொல்லிச் சொல்லி எனக்கே அதுதான் பழகிப் போனது. பந்தியில் உனக்குச் சொன்னதும் அதைத்தான்.

திருடி என்று நீ சொன்னதை மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. மறக்கவில்லை. அந்த வார்த்தை பொய் என்று இத்தனை வருஷம் போட்ட சத்தத்தை மட்டும் இப்போது நிறுத்திக்கொண்டேன்.

வருகிற வெள்ளிக்கிழமை தாமலுக்கு பஸ் ஏறுகிறேன். உங்கம்மா என்னிடம் மன்னிப்புக் கேட்டாள் என்று கவிதாவிடம் சொல்லிவிடலாமா என்று ஆசையாக இருக்கிறது. அந்தப் பெண்ணின் மனசு ஆறும். ஆனால் சொல்ல மாட்டேன். ஒரு வார்த்தையை எனக்கு வேண்டியபடி மாற்றிச் சொல்லித்தான் இத்தனையும் வந்தது. "உங்கம்மா சாரின்னு சொன்னா. எந்தச் சாரின்னு தெரியாது. நான் மூஞ்சத் திருப்பிக்கினு நின்னேன்" என்று நடந்ததை நடந்தபடி சொல்வேன். அவள் என்னைத் திட்டட்டும். வாசலோடு போ என்று சொன்னாலும் சொல்லட்டும். பெற்றவளை அவள் எப்படி நினைத்துக்கொள்ள வேண்டுமோ அப்படி நினைத்துக்கொள்ளட்டும். புடவையை அவள் மடியில் வைத்துவிட்டு, அவள் கண்ணைப் பார்த்து என் பங்குக்கு நானும் அந்த ஒரு வார்த்தையைச் சொல்வேன்.

மூன்று நாளாகக் கண்ணாடி முன்னால் நின்று பழகிக்கொண்டிருக்கிறேன். எனக்கும் இரண்டு பல் இல்லை. வாய் உருண்டையாக வர மாட்டேன் என்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிடும். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் கூடப் பிறந்தவள்,
அக்கா மங்கா