மிஸ்டர் டேனியல்ஸ் படுக்க மறுத்த கிழமை

1975 ஜனவரி 13, திங்கள்

உறைபனி. பஸ் பிந்தி வந்தது. கால் விரல் இருக்கிறதா இல்லையா என்று வேலைக்கு, நர்சிங் ஹோமுக்குப் போய்ச் சப்பாத்தைக் கழற்றித்தான் பார்த்தேன். முதுகு வலி, பழைய இடத்தில்.

வாங்க: பச்சை அரிசி, பயறு, சர்க்கரை (நாளை பொங்கல்). இவருக்கு இருமல் மருந்து.

மிஸ்டர் டேனியல்ஸ் (இனி மி.டே., கை வலிக்கிறது) சனி மாலையும் சாப்பிடவில்லையாம், படுக்கவுமில்லையாம். கதிரையில் இருந்து கதவையே பார்த்தாராம். பகலில் தங்கமான மனிதர். நான் மூன்றரைக்கு வீட்டுக்குப் போன பிறகுதான் இந்தக் கூத்தெல்லாம். மாலை நர்ஸ் சரோஜா, திருச்சிக்காரி, என்னிடம் குறைப்பட்டாள். "உங்ககிட்ட மட்டும் பதவிசா இருக்காரு அக்கா. நான் வந்தா ஒரே ரகளை."

பக்கவாதம் மனிதரின் இங்கிலிசை முழுதாகத் துடைத்துவிட்டது. மிச்சம் கேப் டவுனில் பிறந்த நாளிலிருந்து பேசிய ஆஃப்ரிகான்ஸ் மட்டும். மகள் ரூத்துக்கு அது நாலு சொல்தான் தெரியும். வீட்டில் இங்கிலிஸ் மட்டும் என்று தாய் கண்டிப்பாம். தகப்பனும் மகளும் இப்போது ஊமைப் பாஷை.

ஜனவரி 14, செவ்வாய்

விடியப் பொங்கல். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. துடைக்க நேரமில்லை, ஓடினேன். ஒரு கரண்டிகூட வாயில் வைக்கவில்லை.

ரூத் மதியம் வந்தாள். நூலகத்துப் புத்தகம், இங்கிலிஸ்காரர் ஆஃப்ரிகான்ஸ் படிப்பதற்கு. என்னையும் பக்கத்தில் இருத்திவிட்டாள். தனியப் படிக்க அழுகை வருதாம். இன்றைய பாடம், ஒரு வேலை நடந்துகொண்டே இருப்பதை எப்படிச் சொல்வது. ரூத் இங்கிலிசை அப்படியே சொல்லுக்குச் சொல் மாற்றி, "எக் இஸ் லீஸ்" என்றாள். மி.டே. மூக்கைச் சுளித்தார். புத்தகத்தைப் புரட்டினால், அப்படி இல்லையாம். வெறும் "எக் லீஸ்" போதும், வாசிக்கிறேன், வாசித்துக்கொண்டிருக்கிறேன் இரண்டும் அதுதான். அழுத்திச் சொல்ல வேண்டுமென்றால் "பீசஹ் ஓம் தெ", அல்லது "ஆன் டி". இன்னொன்றும் உண்டு. ஆள் எப்படி இருக்கிறாரோ அதையும் சேர்த்துச் சொல்வது: இருந்து வாசிக்கிறார், நின்று கதைக்கிறார், கிடந்து நித்திரை கொள்கிறார்.

ரூத் தலையில் கை வைத்தாள். "வாசிக்கிறதைச் சொல்ல ஏன் இருக்கிறதைச் சொல்ல வேணும்?" எனக்கு அது கஷ்டமாகவே தெரியவில்லை. நாங்களும் சாப்பிட்டுக்கொண்டு "இருக்கிறவர்கள்" தானே.

வெளிக்கிடும்போது வழக்கம்போல "எக் கொம் நௌநௌ" என்று சொல்லிவிட்டு வந்தேன். இந்தா வந்திடுவேன் என்ற மாதிரி. இங்கிலிஸ் மட்டும் என்ற அந்தத் தாயே கடைக்குப் போகும்போது இதைச் சொல்வாளாம், ரூத்துக்கு ஞாபகமிருக்கும் நாலு சொல்லில் அது ஒன்று. புத்தகத்தில் விடைபெற வேறு சொல் உண்டு. ஆனால் "போட்டு வாறன்" என்று சொல்லாமல் ஒரு வயதானவரின் அறையை விட்டு எப்படி இறங்குவது? ஒரு மாதமாக இதைத்தான் சொல்கிறேன்.

ஜனவரி 15, புதன்

மி.டே. நேற்று மாலை கதிரையிலிருந்து விழுந்துவிட்டார். நெற்றியில் மூன்று தையல். தலைமை நர்ஸ் இடுப்புப் பட்டியை எடுத்து வெளியே வைத்துவிட்டாள். சனி மாலையும் படுக்காவிட்டால் கட்டிலோடு கட்டுவதாம், நித்திரைக் குளிசை கொடுப்பதாம். அந்தக் குளிசை எடுத்த ஆட்களை எனக்குத் தெரியும். பிறகு அவர்கள் யாருடனும் கதைப்பதில்லை.

ரூத் அழுதாள். ஏன் படுக்கிறீங்களில்லை என்று புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துக் கேட்டாள். அவர் சொன்னது, "எக் சிற் என் வஹ்." இருந்து காத்துக்கொண்டிருக்கிறேன். யாரை என்று சொல்லவில்லை.

"அம்மாவைத்தான். அவ செத்தது அவருக்கு மறந்துபோச்சு" என்றாள் ரூத். பாவம். எனக்கும் அப்படித்தான் பட்டது.

வீட்டில் சிங்க் அடைத்துவிட்டது. இவர் பார்த்தும் பார்க்காத மாதிரி.

ஜனவரி 17, வெள்ளி

(சனி காலை எழுதுகிறேன். நேற்று பேனை பிடிக்கச் சீவனில்லை.)

பனிப்புயல். மாலைக்காரர் பாதிப்பேர் வரவில்லை. என்னை இரண்டாம் ஷிஃப்டும் நிற்கச் சொன்னார்கள். கால் மரத்துப்போய் நின்றேன்.

ஐந்து மணிக்குச் சாப்பாட்டுத் தட்டோடு மி.டே. அறைக்குப் போனேன். முகம் மலர்ந்தது. "யே ஹெட் ஹெகொம்" என்றார். வந்திட்டாய். சூப், உருளைக்கிழங்கு, புடிங் எல்லாம் வழித்துச் சாப்பிட்டார். கட்டிலைக் காட்டினேன், குழந்தை மாதிரிப் படுத்துவிட்டார். சரோஜா வாசலில் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். "இன்னிக்கு மட்டும் எப்படிக்கா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர் காத்திருந்தது செத்த மனைவியையுமில்லை, வேறு ஒருவரையுமில்லை. என்னைத்தான். இந்தா வாறன் என்று ஒவ்வொரு நாளும் நான் சொல்லிவிட்டுப் பஸ் ஏறுகிறேன், மனிதர் அதை நம்பிக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்த மூன்று தையலும் என்னால்தான்.

சரோஜாவிடம் சொன்னேன். "அப்ப போறேன்னு சொல்லிடுங்க" என்றாள். பிறகு அவளே, "ஐயோ வேணாங்க்கா, தையல் போட்டுப் படுத்திருக்கிற மனுசங்ககிட்ட போறேன்னா சொல்றது?"

அதுதானே.

ஜனவரி 18, சனி

பனி விட்டது. வெயில், ஆனால் சூடில்லாத வெயில்.

நாள் முழுக்க அதே யோசனை. ரூத்திடம் சொன்னபோது முதலில் சிரித்தாள், பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

மூன்றரை. கோட் போட்டுக்கொண்டு அவர் முன்னால் நின்றேன். என் தகப்பன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதும் நான் சொல்லாத சொல். "எக் ஹான் நௌ" என்றேன். போறன். வீட்டுக்கு என்றும் சேர்த்தேன், கொஞ்சம் மென்மையாக இருக்கட்டும் என்று. அவர் என் கோட்டைப் பார்த்தார், தொப்பியைப் பார்த்தார். "மோறெ?" என்றார். நாளைக்கு?

நாளை ஞாயிறு. எனக்கு லீவு. ஆனால் அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "யா" என்றுவிட்டேன். ஒன்றைத் திருத்தப் போய் இன்னொன்று.

ஏழு மணிக்குச் சரோஜா போன். சாப்பிட்டாராம். படுத்துவிட்டாராம். தலைமை நர்ஸ் பட்டியை அலுமாரிக்குள் வைத்துவிட்டாளாம்.

ஜனவரி 19, ஞாயிறு

உடுப்புத் தோய்க்கவில்லை. சிங்க் இன்னும் அப்படியே.

மத்தியானம் கோட்டை எடுத்தேன். இவர், "உமக்கு என்ன விசரே? கிழமையில ஒரு நாள் லீவு. அதுக்கும் அங்கயோ போறீர்?"

"வாறன் எண்டு சொல்லிப்போட்டனப்பா."

"சம்பளம் தருவாங்களோ?"

"இல்லை."

தன் மஃப்ளரை எடுத்து என் கழுத்தில் சுற்றிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பஸ். கடவுளே. நாலு மணியாகிவிட்டது. அவர் நல்ல நித்திரை. எழுப்ப மனமில்லை. எழும்பினால் நான் வந்துபோனதைச் சொல் என்று சரோஜாவிடம் சொல்லப் போனேன். அவள் எந்தப் பாஷையில் சொல்வாள்? நின்றேன். கால் உளைந்தது. இந்த மனிதர் எனக்கு யார், ஏன் இப்படிக் கிடந்து அலைகிறேன் என்று எரிச்சலும் வந்தது.

கண் விழித்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பக்கவாதத்தில் வழங்காத காலை நல்ல கையால் இழுத்துச் சுவர்ப் பக்கம் நகர்ந்து, கட்டில் ஓரத்தில் எனக்கு இருக்க இடம் விட்டார்.